பதினாறும் பதினேழும்

செங்கணம் விருத்தாசல ரெட்டியார் நிலபுலம் உள்ளவர். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். தமிழ்ச் சுவடிகளில் அவருக்கு இருந்த ஈடுபாடு அந்த வட்டாரம் முழுக்கத் தெரியும்; அதிலும் யாப்பிலக்கணத்தில் அவரிடம் சந்தேகம் கேட்கலாம் என்பார்கள். அவரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்க வந்து சேர்ந்தான் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மகன். வேங்கடராமன் என்பது அவனுக்கு இட்ட பெயர். வீட்டில் சாமா. பின்னாளில் தமிழ்நாடு அவரை உ.வே.சாமிநாதையர் என்று அறிந்துகொண்டது. ஆனால் செங்கணத்து நாட்களில் பையனுக்கு ஏட்டுச்சுவடி தேடும் எண்ணம் எதுவும் கிடையாது. நன்றாகச் செய்யுள் செய்ய வேண்டும், நாலு பேர் அதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும் என்ற ஆசைதான்.

அப்பா சங்கீத வித்துவான். கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்லிக் குடும்பம் நடத்தினார். மகனும் பாடகனாக வேண்டுமென்பது அவர் விருப்பம். மகனுக்கோ தமிழ்ப் பித்து. அரியலூரில் சடகோபையங்கார் மூட்டிவிட்டது. வேங்கடசுப்பையர் அதை அணைக்கப் பார்க்கவில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க ஒருவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போனார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அந்த நாடோடிப் படிப்பு நடந்தது. ஊர்க்காரர்கள் இருக்க இடமும் உலைக்கு அரிசியும் கொடுத்தார்கள். பதிலுக்கு இராமாயணம் கேட்டார்கள். இந்தத் தகப்பனார் இல்லாமல் உ.வே.சா. இல்லை என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

அந்தக் காலத்தில் செய்யுள் இயற்ற ஆசைப்படுகிறவர் தாண்டியே ஆக வேண்டிய வாசல் காரிகை. அமிதசாகரர் செய்த நூல், குணசாகரர் உரையோடு வழங்குவது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செய்யுளுக்கு இலக்கணம் சொல்கிற அந்த நூல் முழுவதும் கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வடிவிலேயே ஓடுகிறது. அதுவும் எதிரே ஒரு பெண்ணை நிறுத்திவைத்து, அவளை விளித்துச் சொல்லும் பாணியில். மகடூஉ முன்னிலை என்று அதற்குப் பெயர். அசையும் சீருமாக இலக்கணம் வறண்டுகொண்டிருக்கும்போது திடீரென்று அவள் கண்ணையோ கூந்தலையோ புகழ்ந்து ஒரு விளி வரும். மாணாக்கனுக்கு மூச்சுவிட ஓர் இடம். அது மட்டுமில்லை. உதாரணமாகக் காட்டும் பாடல்களின் முதற்சொற்களை எல்லாம் கோத்துத் தனியே செய்யுளாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு முதல்நினைப்பு என்று பெயர். புத்தகம் கையில் இல்லாதவன் அந்தச் செய்யுளைச் சொன்னால் போதும், உதாரணங்கள் வரிசையாக நினைவுக்கு வரும். அச்சுக்கு முந்திய உலகம் மனப்பாடத்தை எவ்வளவு சாமர்த்தியமாகத் திட்டமிட்டிருக்கிறது என்று பார்க்கலாம்.

பாடம் என்னவோ கணக்கில்தான் தொடங்கும். ஒற்றெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால், தனியாக ஓர் எழுத்து நிற்பது நேரசை. குறிலில் தொடங்கி இரண்டு எழுத்து இணைந்து நிற்பது நிரையசை. அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர் நான்குக்கும் மரங்களின் பெயர்: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். ‘தேமா’ என்று வாயால் சொல்லும்போதே நேரும் நேரும் வந்துவிடுகின்றன. ‘புளிமா’ என்றால் நிரையும் நேரும். பெயரே அளவுகோல். வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கும் அப்படித்தான்.

இதன் பிறகுதான் கைப்பிடி இறுகும். ஒரு சீர் எப்படி முடிந்ததோ அதைப் பொறுத்தே அடுத்த சீர் தொடங்கலாம். மாவுக்குப் பின் நிரை வர வேண்டும். விளத்துக்குப் பின் நேர். நேரில் முடியும் மூவசைச் சீரான காய்க்குப் பின்னும் நேர். இந்த வெண்டளை ஓரிடத்தில் பிசகினாலும் அது வெண்பா ஆகாது. பொருள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஆகாது. கட்டளைக் கலித்துறையில் கெடுபிடி இன்னும் அதிகம். அடிக்கு ஐந்து சீர். ஐந்தாவது சீர், விளத்தோடு ஒரு நேர் சேர்ந்த விளங்காயாகவே இருக்க வேண்டும். பாட்டு ஏகாரத்தில் முடிய வேண்டும். அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கேட்டால் மலைப்பாக இருக்கும். பழகிப் பார்த்தவர்களுக்கு ரகசியம் தெரியும். முதல் நான்கு சீரில் விளங்காய் புகாமல், வெண்டளை தவறாமல் போய்க் கடைசியில் விளங்காயில் இறங்கினால் பதினாறும் பதினேழும் தாமாகவே வந்து நிற்கும். எண்ணவே வேண்டாம். புதியவன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பான். கை தேர்ந்தவனுக்குக் காது சொல்லிவிடும். விரலிலிருந்து காதுக்குப் போகிற அந்தப் பயணத்துக்கு ரெட்டியார் போன்ற ஒருவரின் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும். காரிகையை உரையோடு தனியே படித்தவர்கள் பலர் விரலோடேயே நின்றுவிட்டார்கள்.

ரெட்டியார் தம் எல்லையை அறிந்தவர். இந்தப் பையனின் பசிக்குத் தாம் போதாது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்வதே தகும் என்று அவர்தான் வழி காட்டினார். தம்மிடம் பாடம் கேட்கும் பிள்ளையை இன்னொருவரிடம் போகச் சொல்லும் ஆசிரியர்கள் எந்தக் காலத்திலும் அதிகம் இருந்ததில்லை.

1871-இல் தகப்பனாரும் மகனும் மாயூரம் போய்ச் சேர்ந்தார்கள். மகனுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. பிள்ளை ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னார். நைடதத்திலிருந்து ஒரு செய்யுளை இளைஞர் இசையோடு சொன்னார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் உடனே பிள்ளையிடமே பாடம் கிடைத்துவிடவில்லை. மூத்த மாணாக்கரான சவேரிநாத பிள்ளையிடம் முதலில் கேட்கும்படி ஏற்பாடு. திருவாவடுதுறைச் சைவ மடத்து வித்துவானின் வீட்டில், கிறிஸ்தவரான ஒரு மாணாக்கர், ஸ்மார்த்த பிராமணப் பையனுக்கு நைடதம் சொல்லிக்கொடுத்தார் என்ற காட்சியை அந்த வீட்டில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

சாமிநாதையருக்கு அது போதவில்லை. பிள்ளையின் வாயால் கேட்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திர’த்தின் மிக அழகான பக்கங்களில் ஒன்று. பிள்ளைக்குச் செடிகொடிகளில் அலாதி ஆசை. கொல்லையில் மரங்கள் வைத்திருந்தார். விடிந்ததும் போய் எந்தக் கிளையில் புதுத்தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். இதைக் கவனித்த இளைஞர் அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்தைச் சுற்றிவந்து, தளிர்களை அடையாளம் வைத்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும் இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று என்று காட்டினார். சில நாளில் பிள்ளைக்கு அந்தப் பையனைத் தேடத் தோன்றிவிட்டது. சமயம் பார்த்து இளைஞர், தங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்ற ஆசையை வெளியிட்டார். காரியம் நடந்தது. இதைக் காக்கை பிடித்தல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆசிரியர் எதைப் பார்க்கிறாரோ அதைத் தானும் பார்க்கக் கற்றுக்கொண்ட மாணாக்கர் என்று சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது.

பாடம் திருக்குடந்தைத் திரிபந்தாதியில் தொடங்கியது. அப்புறம் அந்தாதிக்கு மேல் அந்தாதியாகக் கேட்டார், பிள்ளைத்தமிழ்கள் கேட்டார். இன்றைய வாசகருக்குத் திரிபு, யமகம் என்றாலே அலுப்பு வரும். நியாயமான அலுப்புதான். திரிபில் நான்கு அடிகளிலும் முதலெழுத்து மட்டும் மாறும். அதற்குப் பின்னே ஓர் எழுத்துக் கூட்டம் அப்படியே திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒவ்வோர் அடியிலும் அதை வேறு இடத்தில் வெட்டி வேறு பொருள் கொள்ள வேண்டும். யமகத்தில் முதலெழுத்தும் மாறாது. அந்தாதி என்பதால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வேண்டும். இப்படி நூறு பாட்டு. பக்தி எங்கே, கவிதை எங்கே என்று கேட்டால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலானவை குறுக்கெழுத்துப் புதிர்போலத்தான்.

ஆனால் பயிற்சி என்ற அளவில் பார்த்தால் கதை வேறு. பன்னிரண்டு எழுத்து ஒட்டி நிற்கிற ஒரு கூட்டத்தை எங்கெங்கே பிரிக்கலாம், பிரித்தால் என்ன சொற்கள் கிடைக்கும், புணர்ச்சியில் எந்த எழுத்து மறைந்திருக்கும், எந்தச் சொல்லுக்கு அருகிய பொருள் ஒன்று நிகண்டில் இருக்கிறது என்று நாள்தோறும் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு ஒரு தனிக் கண் திறந்துகொள்ளும். அந்தக் கண் எதற்குப் பயன்படப் போகிறது என்று மாயூரத்தில் ஆசிரியருக்கும் தெரியாது, மாணாக்கருக்கும் தெரியாது.

பிள்ளை தாம் கற்ற விதமே ஒரு கதை. 1815-இல் பிறந்தவர். எந்தக் கல்லூரியும் அவரை உருவாக்கவில்லை. திரிசிரபுரத்தில் இருந்த நாட்களில் தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் பிச்சைக்கு வருவார். யாருக்கும் லேசில் சொல்லித்தர மாட்டார். பிள்ளை அவர் போகும் தெருவெல்லாம் கூடவே நடந்து, அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்து, மனம் கனிய வைத்து அந்த அணி நூலைக் கற்றுக்கொண்டார். தளிரைக் காட்டிப் பாடம் வாங்கிய மாணாக்கருக்கு ஏற்ற ஆசிரியர்தான்.

அவர் பாடுவதைப் பார்த்தவர்கள் வியந்துதான் எழுதியிருக்கிறார்கள். தலபுராணங்கள் மட்டும் 22 என்று கணக்கு. கோயில் நிர்வாகத்தாரோ ஊர்ப் பெரியவர்களோ எங்கள் தலத்துக்கு ஒரு புராணம் வேண்டும் என்று கேட்பார்கள், சம்மானம் பேசுவார்கள், பிள்ளையின் குடும்பம் அதில்தான் ஓடியது, பல சமயம் ஓடாமலும் நின்றது. பாடும்போது அவர் எழுத்தாணியைத் தொட மாட்டார். வாயால் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் இருப்பவர் ஓலையில் எழுத வேண்டும். அந்த வேலை சாமிநாதையருக்கு வாய்த்தது. கவிதை கற்பதற்கு இதைவிட நல்ல இருக்கை எது? அச்சான பாட்டில் முடிவு மட்டும் தெரியும். எழுத்தாணியோடு உட்கார்ந்தவனுக்கோ முதலடியின் எதுகை விழுந்த கணமே மற்ற மூன்று அடிக்கும் என்ன சொற்கள் தயாராகின்றன என்பது தெரியும். வருணனையை எங்கே நீட்டுகிறார், கதையை எங்கே நகர்த்துகிறார், எந்த இடத்தில் சந்தத்தை மாற்றுகிறார், எல்லாம் காதில் விழும். மடத்தில் பிள்ளை நேரே பாடம் சொன்ன நேரத்தைவிட இந்த எழுதுகிற நேரம் அதிகம் கற்பித்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு.

பெயர் மாறியதும் மாயூரத்தில்தான். வேங்கடராமன் என்ற பெயரைக் கேட்ட பிள்ளை வேறு பெயர் உண்டா என்று விசாரித்தார். வீட்டில் சாமா என்று கூப்பிடுவதையும் அது சாமிநாதன் என்பதன் சுருக்கம் என்பதையும் சொன்னார் இளைஞர். இனி அப்படியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

அதே ஊரில் இன்னொரு பெரியவர் இருந்தார், கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடியவர். தகப்பனாரின் விருப்பப்படி சாமிநாதையர் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ளப் போனார். விஷயம் தெரியவந்ததும் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் புத்தி ஊன்றி நிற்காது என்பது அவர் எண்ணம். சங்கீதப் பாடம் நின்றது. ஆசிரியர் சொல்லுக்கு மறுப்பில்லாத காலம். இருந்தாலும் தகப்பனார் சங்கீத வித்துவான், மகன்மேல் அவர் வைத்த ஆசையும் சங்கீதம்தான். மகனுக்கு அன்று உள்ளுக்குள் ஒரு முள் தைத்திருக்காதா?

அந்தப் பாரதியாருக்கும் பிள்ளைக்கும் இடையே முன்பு நடந்த ஒரு சம்பவத்தை உ.வே.சா.வே பதிவு செய்திருக்கிறார். நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு பாரதியார் பலமுறை பிள்ளையிடம் வந்தார். பிள்ளை தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். நூலில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. பாயிரம் கொடுத்தால் அவற்றுக்கும் கையெழுத்துப் போட்டதாகும் என்ற தயக்கம். ஒருநாள் பாரதியார் வந்தபோது பிள்ளை உள்ளே படுத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்தபடி தம் கீர்த்தனைகளைப் பாட ஆரம்பித்தார். தெருவில் கூட்டம் கூடியது. உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளை படுத்தபடியே கேட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை அடிக்கடி மேற்கோள் காட்டி, இலக்கணம் தோற்றது, உணர்ச்சி வென்றது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில்லை. பாயிரம் கொடுத்த பிள்ளை, பிறகும் தம் மாணாக்கரைப் பாரதியாரிடம் போகவிடவில்லை அல்லவா? கேட்டு உருகுவது ஒன்று, பயிற்சி இன்னொன்று என்று அவர் பிரித்து வைத்திருந்தார். ஆனால் காலம் தீர்ப்பெழுதியிருக்கிறது; அது பிள்ளைக்குச் சாதகமாக இல்லை. இலக்கணப் பிழை உள்ள நந்தனார் கீர்த்தனைகள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன. பிழையே காண முடியாத 22 தலபுராணங்களை அந்தந்தத் தலத்துக்காரர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? அவர் பாடிய சேக்கிழார் பிள்ளைத்தமிழை மட்டும் தமிழாசிரியர்கள் இன்னும் பெருமையோடு சொல்கிறார்கள். இதைச் சொல்வதால் பிள்ளையின் புலமை சிறிதாகிவிடாது. செய்யுள் செய்யும் திறமையை ஒருவர் இன்னொருவருக்கு முழுவதுமாகக் கற்றுக்கொடுத்துவிட முடியும் என்பதற்கு அவர் வீடே சாட்சி. அங்கே கற்றவர்கள் எல்லோரும் பிழையின்றிச் செய்யுள் செய்தார்கள். கவிஞர் என்று நினைவில் நிற்கிற மாணாக்கர் ஒருவரும் இல்லை.

1876 பிப்ரவரி 1-ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளை காலமானார். அருகில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தவர் சாமிநாதையர். பிறகு ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமே பாடம் தொடர்ந்தது. 1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது அந்த இடம் சாமிநாதையருக்குக் கிடைத்தது. செட்டியாரும் பிள்ளையின் மாணாக்கர்தான்.

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், பிள்ளைத்தமிழ்கள் என்று தாம் உழைத்துக் கற்றவற்றைச் சாமிநாதையர் அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இவற்றால் என்ன பயன் என்றே கேட்டுவிட்டார். சீவகசிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. அவற்றின் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

தமிழ் இலக்கிய வரலாறு திரும்பிய இடம் என்று இந்தச் சந்திப்பை எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் முதலியாரின் கேள்விக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அந்த அந்தாதிகளால் என்ன பயன்?

சிந்தாமணிச் சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பயன் விளங்கும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்று, ஒகரமும் ஓகாரமும் ஒன்று. காலும் ரகரமும் ஒரே கோடு. பாட்டை அடி அடியாகப் பிரித்து எழுதியிருக்க மாட்டார்கள். மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் உரைக்குள் வரும் மேற்கோளும் ஒரே ஓட்டமாக ஓடும். பூச்சி அரித்த இடம் வேறு, எழுதியவர் கைத்தவறு வேறு. பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அங்கே மாயூரத்துப் பயிற்சி எழுந்து நிற்கிறது. சிந்தாமணி மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். விருத்தத்தில் நான்கு அடியும் ஒரே அளவு, நான்கிலும் எதுகை. ஓரடியில் இரண்டாம் எழுத்து அழிந்திருந்தால் மற்ற மூன்று அடிகள் அதைச் சொல்லிவிடும். அழிந்தது எத்தனை எழுத்து, அவை நேரா நிரையா என்பதைச் சீரும் தளையும் சொல்லும். மோனை, விட்டுப்போன சொல் எந்த இனத்து எழுத்தில் தொடங்கியிருக்கலாம் என்று குறிப்புக் கொடுக்கும். புள்ளியில்லாத எழுத்துக் கூட்டத்தை எங்கே வெட்டுவது? அதைத்தானே அத்தனை திரிபந்தாதிகளிலும் வெட்டி வெட்டிப் பழகினார்! ஒரே எழுத்து வரிசைக்கு நாலு பொருள் காணப் பழகிய கண்ணுக்கு, இருக்கிற நாலு பொருளில் கவி நினைத்த ஒன்றைத் தேர்வது புதிய வேலை இல்லை. ஆயிரக்கணக்கான செய்யுள்களை இன்னொருவர் வாயிலிருந்து ஓலையில் இறக்கிய கைக்கு, எழுதுகிறவன் எந்த இடத்தில் தவறுவான் என்பதும் தெரியும்.

செய்யுட் பயிற்சியால் எல்லாம் ஆகிவிடவில்லை. சிந்தாமணி சமண நூல். அதன் சமயச் செய்திகள் எந்த அந்தாதியிலும் இல்லை. அதற்குக் கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சைனர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். உரையாசிரியர் ஒரு சொல்லில் சுட்டிவிட்டுப் போகும் மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று தெரியாமல் வருடக்கணக்கில் அலைந்தார். 1887-இல் பதிப்பு வந்தது. பிறகு 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை.

யாப்பு கைவிடும் இடமும் உண்டு. சங்கப் பாட்டின் ஆசிரியப்பாவில் நாலடிக்கும் எதுகை என்ற கட்டாயம் இல்லை; இத்தனை அடிதான் என்ற மேல்வரம்பும் இறுக்கமில்லை. நடுவே ஓர் அடி முழுதாக உதிர்ந்துபோனால் வடுவே தெரியாது. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் அப்படிச் சில பெயர்கள் ஏடுகளில் விடுபட்டிருந்தன. தருமபுரம் ஆதீனத்துச் சுவடிக் குவியலில் தேடியபோதுதான் அவை கிடைத்தன. ‘உதிர்ந்த மலர்கள்’ என்று பின்னாளில் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். யாப்புத் தெரிந்த காது இங்கே உதவாது; அடுத்த மடத்துக்கு நடக்கிற கால்தான் உதவும்.

செய்யுள் செய்வதை அவர் விட்டுவிடவில்லை. வாழ்த்தும் நன்றியும் சொல்லப் பாட்டுகள் செய்துகொண்டுதான் இருந்தார். அவை சீராக இருக்கும், நினைவில் தங்காது. 1906-இல் அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்தபோது அவரைப் புகழ்ந்து பாடியவர் சுப்பிரமணிய பாரதி. அப்போது பாரதிக்கு வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். புதிய கவிதையின் ஆள், பழைய ஏட்டின் ஆளைப் பழைய விருத்தத்திலேயே பாடினார். அந்த மரியாதைக்கு ஏற்ற வடிவம் அதுதான் என்று பாரதிக்குத் தெரிந்திருந்தது.

உ.வே.சா.வின் சொந்தக் குரல் கேட்பது உரைநடையில். அதுவும் முதுமையில். 1933, 34-இல் ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகமாக எழுதினார். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது வயது 84. அந்த வாக்கியங்கள் குட்டையானவை, அலங்காரம் இல்லாதவை. யமகமும் சிலேடையும் கரைத்துக் குடித்தவர் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். எந்த வாக்கியத்திலும் வீண் சொல் இல்லை. அளவு தவறினால் பாட்டே விழுந்துவிடும் என்ற பயத்தோடு பல்லாண்டு பழகியவரின் சிக்கனம் அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

1942 ஏப்ரல் 28-ஆம் தேதி திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். தொடர் 122 அத்தியாயத்தோடு, மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டி நின்றது. அவருடைய கடைசிக் கால மாணாக்கர் கி.வா.ஜகந்நாதன் மீதிக் கதையை ‘என் ஆசிரியப்பிரான்’ நூலில் எழுதினார். கி.வா.ஜ. கேட்ட மாத்திரத்தில் வெண்பா சொல்லக் கூடியவர், கலைமகள் ஆசிரியராக இருந்தவர். பாட்டு எழுதப் பழகுகிறவர்களுக்காக ‘கவி பாடலாம்’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். அசை, சீர், தளை எல்லாம் சாதாரணப் பேச்சுத் தமிழுக்கு அருகில் இருந்து சொல்லும் புத்தகம். அதை வாங்கிப் படிக்க யாரும் குடும்பத்தோடு ஊர் மாற வேண்டியதில்லை.